மதத்தைக் காட்டி மறுத்தால்: யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் செய்யவேண்டியவை

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் உங்கள் மதத்தைக் காட்டி எதையாவது மறுத்தால், உயர் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது ஒரு மாதம். போயா, பெரிய வெள்ளி, நல்லூர்த் தேர் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் பக்கத்தில் விஷயம் வழமையாக எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் விதானையாரோடு (கிராம உத்தியோகத்தரோடு) கதைப்போம், பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடிப்போம், கோயில் தலைவரையும் பாதரையும் இருத்திப் பேசுவோம், கடைசியில் இணக்க சபைக்குப் போவோம். அதற்குள் ஆறு கிழமை ஓடிவிடும். பிறகு சட்டத்தரணியிடம் போனால் அவர் முதலில் பார்ப்பது திகதியைத்தான்.

பேசித் தீர்ப்பது தவறில்லை. ஆனால் மறுப்புக்குக் காரணம் கேட்டு எழுதும் கடிதம் முதல் கிழமையிலேயே போய்விட வேண்டும். பேச்சுவார்த்தையோ இணக்க சபையோ அந்த ஒரு மாதத்தை நிறுத்தி வைக்காது.

மறுத்தவர் யார் என்று பாருங்கள்

வழி பிரிவது இந்த இடத்தில்தான். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் உரிமை தருகிறது. 12(2) மதத்தினால் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 14(1)(உ) தனியாகவும் கூட்டாகவும் வழிபடவும், மதத்தை அனுசரிக்கவும், போதிக்கவும் இடம் தருகிறது. 12, 14 ஆகியவற்றுக்குச் சட்டத்தால் மட்டுப்பாடு விதிக்கலாம். 10க்கு விதிக்க முடியாது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறதே என்று யாராவது உங்களை மடக்கினால், அதே உறுப்புரை 10ஐயும் 14(1)(உ)ஐயும் உறுதிப்படுத்தித்தான் அதைச் சொல்கிறது என்று காட்டுங்கள்.

இவற்றை வைத்து அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். பொலிஸ், பிரதேச செயலகம், பிரதேச சபை, மாநகர சபை, அரச பாடசாலை, அரச ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் இதற்குள் வரும். வீட்டுக்காரர், கடைக்காரர், தனியார் கொம்பனி, கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் நேரடியாக வரமாட்டா. ஆனால் தனியாட்கள் மறுத்து, அதற்கு அரச உத்தியோகத்தர் துணைபோனால் அல்லது முறைப்பாட்டை வாங்காமல் கைகட்டி நின்றால், அந்த உத்தியோகத்தரின் செயல் தனியாக ஒரு மீறலாகும். அதிகாரியோடு கைகோத்த தனியாளும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 1995இல் பாயிஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே தனியார் விவகாரம் என்றாலும் பொலிஸிலோ பிரதேச செயலகத்திலோ எழுத்தில் ஒரு முறைப்பாடு போடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் அது அரச விவகாரமாகிறது.

முதல் நாள்

அன்று இரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இடம், மணி, ஆள், பதவி, சொன்ன வார்த்தை. வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். “கேவலமாகப் பேசினார்” என்பது எதற்கும் உதவாது. “உங்கட அல்லேலூயாக் கூட்டத்துக்கு இஞ்ச இடமில்லை” என்று அவர் சொன்னபடி எழுதினால்தான் மறுப்புக்கும் மதத்துக்கும் உள்ள தொடர்பு தெரியும். பாரபட்ச முறைப்பாடுகள் பெரும்பாலும் விழுவது அங்கேதான். மறுத்ததை நிரூபித்துவிடுவார்கள், மதத்தினால் மறுத்ததை நிரூபிக்க முடியாமல் நிற்பார்கள். அதே கிழமையில் அதே உத்தியோகத்தர் வேறு மதத்தவர் ஒருவருக்கு அதே விஷயத்தைச் செய்து கொடுத்திருந்தால், அது மிக வலுவான சான்று.

வட்ஸ்அப் செய்தியோ ஒலிப்பதிவோ இருந்தால் ஸ்கிரீன்ஷொட்டோடு நிறுத்திவிட வேண்டாம். அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சட்டத்தின்படி அப்படியான பதிவை வழக்கில் வைக்க 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பதிவையும் அதை எடுத்த கருவியையும் பார்க்க அவர்கள் கேட்கலாம். போனை விற்றுவிட்டால் பதிவின் பெறுமதி பாதியாகிவிடும்.

வாயால் மறுத்தவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார். அப்போது நீங்களே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு ஒட்டி வையுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. மாதிரிக்கு:

“மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணியளவில், காலஞ்சென்ற எனது தகப்பனாரின் பூதவுடலைப் பொது மயானத்தில் அடக்கம் செய்ய அனுமதி கோரித் தங்கள் உப அலுவலகத்துக்கு வந்தேன். கடமையிலிருந்த உத்தியோகத்தர் ‘இது சைவ ஆக்களின்ர சுடலை, சபைக்காரரைப் புதைக்க விடேலாது’ என்று கூறி விண்ணப்பத்தை ஏற்க மறுத்தார். எனது மைத்துனரும் உடனிருந்தார். மறுத்தமைக்கான காரணத்தையும், அதற்கு ஆதாரமான சட்டம் அல்லது உபவிதியையும் எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். மன வேதனை, குடும்பப் பெருமை, அந்த உத்தியோகத்தரின் பழைய கதைகள் எதுவும் வேண்டாம். கடைசி வசனம் முக்கியம், ஏனென்றால் “எந்தச் சட்டம்” என்ற கேள்விக்குப் பல அலுவலகங்களில் பதில் கிடையாது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காக ஒரு மாதத்தைக் கரைக்க வேண்டாம். தகவல் விண்ணப்பம் ஒரு பக்கம் போக, முறைப்பாடு மறுபக்கம் போகட்டும்.

பொலிஸில்

முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்யக் கேளுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். விளங்காத சிங்களத்தில் எழுதியிருந்தால் கையொப்பமிட வேண்டாம். “எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை” என்று தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடலாம். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

என்ன குற்றம் என்று தெரிந்து போனால் அவர்கள் அலைக்கழிப்பது குறையும். தண்டனைச் சட்டக்கோவையில் 290 வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்துதல், 291 மதக் கூட்டத்தைக் குழப்புதல், 291அ மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுதல், 292 புதைகுழியில் அத்துமீறல். முகநூலில் ஒரு மதத்தவருக்கு எதிராக வன்முறையைத் தூண்டினால் ஐ.சி.சி.பி.ஆர் எனப்படும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் (2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம்) 3ஆம் பிரிவு பொருந்தும். பத்து வருடம் வரை சிறை, பிணை மேல் நீதிமன்றத்தில்தான். இந்தப் பிரிவை எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சிறுபான்மையைப் பாதுகாக்க வந்த சட்டம் சிறுபான்மை மேலேயே பாய்ந்திருக்கிறது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானது, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று பொலிஸார் எடுத்துக்கொண்டதால். வெறுப்புப் பேச்சு என்று சொல்ல, தூண்டுதல் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் நக்கலுக்கு இது பொருந்தாது.

ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும்

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம். அவசர தொலைபேசி 1996; ஆணைக்குழுச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான் என்பதால் மறக்காது. அந்தச் சட்டத்தின் (21ஆம் இலக்கம்) 13(1) பிரிவை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. “ஆணைக்குழுவில் போட்டாச்சு, இனிப் பயமில்லை” என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கடிதம் கொடுத்ததைக் காட்டினால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், விசாரணைக்கு அழைத்த கடிதம், போன திகதி எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள். விஷயம் பாரதூரம் என்றால் ஆணைக்குழுவை நம்பி இராமல் மாதத்துக்குள் மனுவையும் போட்டுவிடுவதுதான் புத்தி.

ஆணைக்குழு தருவது பரிந்துரை மட்டும்தான். 2018இல் திருகோணமலையில் அபாயா அணிந்து வந்த ஆசிரியைகள் விஷயத்தில் ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரை வந்தும், பிரச்சினை 2022 வரை இழுபட்டது.

உயர் நீதிமன்றம் கொழும்பில், புதுக்கடையில். யாழ்ப்பாணத்திலிருந்தே சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்து அனுப்பலாம். இதில் ஒரு சின்ன விஷயம்: கிறிஸ்தவர் சத்தியம் செய்வார், சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் உறுதியுரைப்பார்கள். மேலே “இந்துவாகிய நான்” என்று தொடங்கிக் கீழே “சத்தியம் செய்து” என்று முடித்தால் எதிர்த்தரப்புக்கு ஓர் ஆட்சேபனையை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். தட்டச்சுக் கடைக்காரர்கள் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றும்போதுதான் இது நடக்கிறது. வாசித்துப் பாருங்கள். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் கேளுங்கள்.

மயானம்

இங்கே மாதமல்ல, மணித்தியாலம்தான் கணக்கு. சுயாதீன சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். கத்தோலிக்கருக்குப் பங்கின் சேமக்காலை உண்டு, முஸ்லிம்களுக்கு மையவாடி உண்டு. நேற்று ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஊர்ச் சுடலை மட்டும்தான். அங்கே எரிப்பதுதான் வழக்கம், புதைக்க விடமாட்டோம் என்பார்கள்.

முதல் வேலை, நிலம் யாருடையது என்று பார்ப்பது. பிரதேச சபையின் பராமரிப்பில் உள்ள பொது மயானமா, ஒரு குழு நடத்துவதா, ஒரு பரம்பரையின் காணியா? பெயர்ப்பலகையில் “இந்து மயானம்” என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது. சபைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று செயலாளரிடம் கேளுங்கள். சபையினுடையது என்றால் விண்ணப்பத்தைச் செயலாளரிடமே நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பிரதேச செயலாளருக்கு அறிவித்து, பொலிஸில் முறைப்பாடு போட்டு, அன்றே சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) தாக்கல் செய்து நீதவானின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். உடலைப் பார்லரில் பதப்படுத்தி வைக்கச் சொல்லிவிடுங்கள். வெயிலில் வீட்டில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால், இறங்கிப் போகப்போவது உங்கள் பக்கம்தான். மயான வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு வாக்குவாதப்படுவது அதைவிட மோசம். அமைதிக்குப் பங்கம் என்று பொலிஸ் இரு தரப்பையும் விரட்டும், விஷயம் உரிமையிலிருந்து கலகத்துக்கு மாறிவிடும்.

உண்மையான தீர்வு, ஒருவரும் சாகாத நேரத்தில் எழுதிக் கேட்பது. ஐம்பது குடும்பம் உள்ள சபை ஒன்று, பொது மயானத்தில் அடக்கம் செய்ய ஒரு பகுதி ஒதுக்கித் தரும்படி பிரதேச சபைக்கு விண்ணப்பித்துத் தீர்மானம் ஒன்றை வாங்கி வைத்திருந்தால், மரண வீட்டில் ஓடித்திரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் நீதிமன்றமே வழி என்றும் எண்ணக்கூடாது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், உடல்களை எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. அதற்கு எதிரான மனுக்களை 2020 டிசெம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அந்த விதி மாறியது 2021 பெப்ரவரியில், உள்நாட்டு எதிர்ப்பும் வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்த பிறகு. அடக்கத்துக்கு முதலில் இரணைதீவைக் காட்டினார்கள், தீவு மக்கள் எதிர்த்தார்கள், பிறகு ஓட்டமாவடிக்குப் போனது.

பாடசாலை

சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். எந்தச் சமயம் என்பது பெற்றோரின் தெரிவு. சைவநெறி வகுப்பு மட்டும் உள்ள பாடசாலையில் கிறிஸ்தவப் பிள்ளையை “சும்மா இருந்து கேள்” என்று இருத்துவதும், கத்தோலிக்கப் பாடசாலையில் சைவப் பிள்ளையைத் திருமறை வகுப்பில் இருத்துவதும் நடக்கிற விஷயங்கள்தான். ஆசிரியர் இல்லை என்பது பாதி நேரம் உண்மை. சண்டைக்குப் போக முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: அந்த நேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கலாமா, தவணைப் பரீட்சைக்குப் பிள்ளையின் சமயப் பாட வினாத்தாளை வலயத்திலிருந்து எடுத்துத் தர முடியுமா, ஞாயிறு பாடசாலையில் படிக்கும் பாடத்தை ஏற்பார்களா. அதிபருக்கு எழுதும் கடிதத்தின் பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் போக வேண்டும். சாதாரண தர விண்ணப்பம் நிரப்பும் நாளில் பாடப் பெயரை நீங்களே பாருங்கள். “கிறிஸ்தவம்” வேறு, “கத்தோலிக்க திருமறை” வேறு, பிழையாகப் போனால் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

முதலாம் தர அனுமதியில் மதம் பார்ப்பது எல்லா இடத்திலும் தவறல்ல. 1960களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்றபோது இருந்த மத விகிதப்படி இடம் ஒதுக்கும் முறை அனுமதிச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அந்த விகிதம் என்ன, உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்ட பிறகுதான் பாரபட்சம் என்று எழுத வேண்டும்.

வதிவுப் பத்திரம்

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களின் குடும்பங்கள் திரும்பி வந்தபோது முட்டிய கதவு இதுதான்: “நீங்கள் புத்தளத்து ஆக்கள், இங்கே பதிவு இல்லை.” மதத்தின் பெயரைச் சொல்லாமலே மறுக்கும் முறை. 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பின் பிரதி, தோம்பு (பழைய காணிப் பதிவு) அல்லது காணி உறுதி, பெற்றோரின் பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை இணைத்து விதானையாருக்கு எழுதுங்கள். மறுத்தால் பிரதேச செயலாளர், பிறகு அரசாங்க அதிபர். ஒவ்வொரு படியிலும் புதிய மறுப்பு எழுத்தில் வரட்டும்.

வீடு, வேலை, கடை

வீடு வாடகைக்கு விடமாட்டேன் என்று சொல்லும் தனியாளுக்கு எதிராக இலங்கையில் பாரபட்சத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. “சைவக் குடும்பத்துக்கு மட்டும்” என்ற விளம்பரத்துக்கு எதிராக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முற்பணம் வாங்கிவிட்டு மதம் தெரிந்ததும் மாறினால் காசு திரும்பக் கிடைக்கும். அதற்கு இணக்க சபை பொருத்தம், பற்றுச்சீட்டு இருந்தால். தனியார் வேலைக்கு எடுக்காததற்கும் வழி இல்லை. வேலையால் நிறுத்தினால் உண்டு: தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். கடைக்காரர் பொருளை வைத்துக்கொண்டு விற்க மறுத்தால் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். நுகர்வோர் அதிகாரசபையின் தொலைபேசி 1977.

கோயில் வாசல்

உள்ளே விடாதது மதத்தினாலா சாதியினாலா என்று முதலில் பிரியுங்கள். அரசியலமைப்பின் 12(3) பாதுகாப்பது ஒருவர் தன் சொந்த மதத்தின் பொது வழிபாட்டு இடத்துக்குள் போவதைத்தான். வேறு மதத்தவர் ஒருவரைக் கருவறைக்கு முன் வரவேண்டாம் என்றால் வழக்கில்லை. சைவர் ஒருவரைச் சாதி பார்த்து மறித்தால் அது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்படி குற்றம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோதே அந்தச் சட்டத்துக்குப் பதினொரு வயது. இன்றைக்கு வாசலை மறிப்பது குறைவு. உபயம் தராமல் விடுவது, தேர் வடத்தில் கைவைக்க விடாமல் தள்ளுவது, அங்கத்தவர் பட்டியலில் பெயர் சேர்க்காமல் இழுப்பது என்று உருமாறியிருக்கிறது. பரிபாலன சபையோடு பிணக்கு என்றால் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவின் கீழ் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து, அரசாங்க அதிபருக்கு மனுக்கொடுத்து, பிறகு மாவட்ட நீதிமன்றம் போகலாம். நீண்ட வழி. பள்ளிவாசல் என்றால் வக்பு சபை.

வீட்டுச் செபக்கூட்டம்

இதற்கு எதிராக இரண்டு காரணம் காட்டுவார்கள். ஒன்று மத விவகார அமைச்சின் 2008 ஒக்டோபர் சுற்றறிக்கை. அது வழிபாட்டுத் தலம் புதிதாகக் கட்டுவது பற்றியது. பத்துப் பேர் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிச் செபிப்பதற்குப் பதிவு வேண்டும் என்று சட்டம் கிடையாது. பிரதியைக் கேளுங்கள், எந்தப் பந்தி என்று கேளுங்கள். மற்றது சத்தம். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி ஒலிபெருக்கிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகக் கிடையாது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அதே விதிதான், ஆனால் அயலவன் கோயில் குழாய்க்கு முறைப்பாடு போடமாட்டான், உங்களுக்குப் போடுவான். ஆகவே ஒலிபெருக்கிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள், கதவைச் சாத்துங்கள், வாகனங்களை ஒழுங்கையில் விடாதீர்கள். தொல்லை என்ற காரணம் போய்விட்டால் மிஞ்சுவது மதம் மட்டும்தான், அதை வழக்காக்கலாம்.

வீடு வீடாகப் போய் மதம் சொல்வது வேறு விஷயம். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் விஷயத்தில் சொன்னது, ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் அதை மீறல் என்றது, இருந்தும் உள்ளூரில் நிலைப்பாடு மாறவில்லை. செபக்கூட்ட வழக்கில் பிரசங்கப் பயணங்களைக் கலந்துவிடாதீர்கள்.

பொலிஸ் இரு தரப்பையும் கூப்பிட்டு இருத்தி, சமாதானமாகப் போங்கள் என்று ஒரு தாளை நீட்டும். அதில் “இனிமேல் இவ்விடத்தில் கூட்டம் வைக்கமாட்டேன்” என்று இருந்தால் ஒப்பமிட வேண்டாம். சட்டத்தரணியிடம் காட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். களைத்துப்போய் ஏற்கனவே ஒப்பமிட்டிருந்தால், மறுநாளே பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: எந்த நேரம் கூப்பிட்டார்கள், எத்தனை மணித்தியாலம் வைத்திருந்தார்கள், யார் முன்னிலையில் ஒப்பம் வாங்கினார்கள், அந்த வாசகத்தை ஏன் ஏற்கவில்லை. பிரதி ஆணைக்குழுவுக்கு. ஒரு மாதம் அந்த ஒப்பமிட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது.